ரைசன் 5 5600எக்ஸ்: 1.4 வோல்ட் வெச்சு ஓவர்கிளாக் பண்ணலாமா?

மணவறை_எடிட்டர்:

வணக்கம் அண்ணன்மார்களே. திண்டுக்கல்ல கல்யாண வீடியோ எடிட்டிங் பண்றேன். மெஷின்: ஏஎம்டி ரைசன் 5 5600எக்ஸ் ப்ராசஸர், பி550 போர்டு, 16 ஜிபி டிடிஆர்4 3600 ரெண்டு ஸ்டிக், 650 வாட் பவர் சப்ளை. கூலர் ப்ராசஸர் பெட்டியில வந்த அதே ரெய்த் ஸ்டெல்த்.

முகூர்த்த மாசம் வந்தா ராத்திரி முழுக்க எக்ஸ்போர்ட் ஓடுது. டைம்லைன்ல ப்ளே பண்ணும்போதே திக்கித் திக்கித்தான் போகுது. ஒரு வீடியோவில, ஓவர்கிளாக் பண்ண, அதாவது தொழிற்சாலை வேகத்துக்கு மேல ஓட்ட, பயாஸ்ல (மெஷின் ஆரம்பிக்கறப்போ வர்ற செட்டிங் திரை) 4.7 கிகாஹெர்ட்ஸ், 1.4 வோல்ட்னு ரெண்டு எண்ணை மட்டும் போட்டா போதும்னு சொல்றாங்க. சும்மா டெஸ்க்டாப்ல நிக்கும்போதே எச்டபிள்யூஇன்ஃபோவில (சென்சார் அளவுகளைக் காட்டற மென்பொருள்) 1.45 வரைக்கும் காட்டுது. அப்போ 1.4 அதைவிடக் குறைவுதானேன்னு தோணுது. ஆனா ப்ராசஸருக்கு முழு வேலை கொடுக்கற சினிபெஞ்ச் டெஸ்ட் ஓட்டினா இப்பவே 86 டிகிரி. ரூம்ல ஏசி கிடையாது.

1.4 நிரந்தரமா இருந்தா சில்லு கெட்டுடுமா? வாரன்டி இன்னும் பாக்கி இருக்கு, அது என்னாகும்? இதைவிடப் பத்திரமான வழி ஏதாவது இருக்கா?

வேகம்_4600:

நான் இதே சில்லை 4.6ல, 1.275 வோல்ட்ல நிறுத்தி ஓட்டறேன், இதுவரை தொந்தரவு இல்லை. ஆனா என்கிட்ட பெரிய டவர் கூலர் இருக்கு. ஸ்டெல்த் கூலரை வெச்சுக்கிட்டு எதையும் தொடாதீங்க ப்ரோ. முதல்ல கூலர் வாங்குங்க, மத்ததெல்லாம் அப்புறம்.

கோவை_பெஞ்ச்:

தம்பி, 1.4 போடாதீங்க. ஏன்னு விவரமாச் சொல்றேன். உங்க 1.45 சந்தேகம் ரொம்ப நியாயமானது. என் கடைக்கு மெஷின் கொண்டு வர்றவங்கள்ல நிறையப் பேர் குழம்பற இடமும் அதுதான்.

சும்மா நிக்கும்போது நீங்க பார்க்கற 1.45, சில்லுல இருக்கற ஆறு கோர்கள்ல (தனித்தனியா வேலை செய்யற பிரிவுகள்) ஒண்ணு மட்டும் ஒரு கணம் 4.6க்கு எழும்பறப்போ கேட்கற வோல்டேஜ். அப்போ கரன்ட் கொஞ்சமாத்தான் ஓடும், சூடும் கம்மி. ஆறு கோரும் எக்ஸ்போர்ட்ல இறங்கினா சில்லே வோல்டேஜை நல்லா இறக்கிக்கும். எச்டபிள்யூஇன்ஃபோவில எஸ்விஐ2 டிஎஃப்என்னு ஒரு வரி இருக்கும், சினிபெஞ்ச் ஓடறப்போ அதைப் பாருங்க, புரியும். வோல்டேஜ், கரன்ட், சூடு மூணையும் உள்ளே இருக்கற சென்சார்கள் சேர்த்துப் பார்த்து, எது தாங்கும்னு கணத்துக்குக் கணம் முடிவு பண்ணுது. நீங்க கையால 1.4 போட்டதும் அந்தக் கணக்கு நின்னுடும். முழு லோடு, முழு கரன்ட், 1.4 வோல்ட், ராத்திரி முழுக்க. ஒரு கோர் ஒரு கணம் தொட்ட 1.45ம் இதுவும் ஒண்ணு கிடையாது.

ப்ராசஸர் இழுக்கற பவர் வோல்டேஜோட வர்க்கத்தையும் வேகத்தையும் பெருக்கினா வர்றதுக்கு ஏத்த மாதிரி ஏறும். முழு லோடுல இப்போ 1.2 வோல்ட்ல 4.4 ஓடுதுன்னு வெச்சுக்குவோம். 1.4க்கும் 4.7க்கும் போனா வேகம் 7 சதவீதம் கூடும், பவர் 45 சதவீதம் கூடும். உங்க சில்லுக்குத் தொழிற்சாலையில வெச்ச வரம்பு 76 வாட், அந்த 76 வாட்டுக்கே ஸ்டெல்த் கூலர் 86 டிகிரி காட்டுது. மேல இன்னும் பாதி வந்தா இந்தச் சில்லோட உச்ச வரம்பான 95 டிகிரியில முட்டும். 7 சதவீத வேகத்துக்கு அது ஈடாகாது.

சில்லு ஒரே நாள்ல எரிஞ்சு போறது அபூர்வம். மெல்ல மெல்லத் தேயும். அதிக கரன்ட்லயும் சூட்லயும் உள்ளே இருக்கற செம்புக் கம்பிகளோட அணுக்களே இடம் நகரும், டிரான்சிஸ்டர்களும் பலவீனமாகும். போன வருஷம் ஸ்திரமா ஓடின அதே செட்டிங் இந்த வருஷம் கூடுதல் வோல்டேஜ் கேட்கும். 2024ல இன்டெல் 13, 14ஆம் தலைமுறைச் சில்லுகள்ல நடந்ததைப் பாருங்க. யாரும் ஓவர்கிளாக் பண்ணாத மெஷின்கள்கூட கிராஷ் ஆச்சு. தேவைக்கு மேல வோல்டேஜ் போனதுதான் காரணம். ஆகஸ்ட்ல மைக்ரோகோட் (சில்லோட உள் மென்பொருள்) மாத்தி 1.55 வோல்ட்டுக்கு மேல கேட்க விடாமப் பண்ணாங்க, வாரன்டியையும் ரெண்டு வருஷம் நீட்டினாங்க. அதுக்கு முந்தின வருஷம் ரைசன் 7000எக்ஸ்3டி சில்லுகள் சாக்கெட்டோட கருகினப்போ ஏஎம்டி எஸ்ஓசி வோல்டேஜுக்கு (கோர் தவிர்த்து, மெமரி கன்ட்ரோலர் மாதிரிப் பகுதிகளுக்குப் போறது) 1.3ன்னு கட்டுப்பாடு வெச்சது. ரெண்டுலயும் விவகாரம் வோல்டேஜ்தான், கிகாஹெர்ட்ஸ் இல்லை. அதனால 1.3ஐத் தாண்டின நிரந்தரக் கோர் வோல்டேஜை நான் யாருக்கும் வெச்சுத் தர்றதில்லை.

சில்லு போனா இன்னொண்ணு வாங்கிடலாம். எனக்குக் கவலை உங்க ஃபுட்டேஜைப் பத்தி. ஸ்திரமில்லாத மெஷின் எப்பவும் ப்ளூ ஸ்க்ரீன் போட்டுச் சொல்லாது. சத்தமே இல்லாம ஒரு பிட்டைத் தப்பா எழுதிட்டுப் போகும். கார்டுலேருந்து காப்பி பண்ற தாலி கட்டற க்ளிப் அப்படிக் கெட்டா, கார்டை ஃபார்மேட் பண்ணினதுக்கப்புறம்தான் உங்களுக்குத் தெரியும். அந்தக் குடும்பத்துக்கு நீங்க என்ன பதில் சொல்ல முடியும்? எந்தச் செட்டிங் மாத்தினாலும், டெஸ்ட் முழுசா முடியற வரைக்கும் அந்த மெஷின்ல ஒரு கார்டையும் சொருகாதீங்க. டெஸ்ட் முடிஞ்சப்புறமும் ஹேஷ் ஒப்பிட்டு, நகல் அசலோட ஒத்துப்போகுதான்னு பார்க்கற மென்பொருள்லதான் காப்பி பண்ணணும்.

இப்போ வழி சொல்றேன். உங்க சில்லுல வேகத்தைக் கூட்ட நல்ல முறை, வோல்டேஜைக் குறைக்கறது. பயாஸ்ல அட்வான்ஸ்டுக்குள்ள ஏஎம்டி ஓவர்கிளாக்கிங், அதுக்குள்ள பிபிஓ (சில்லோட தானியங்கி வேக ஏற்றத்தை மாத்தற வசதி), அதுக்குள்ள கர்வ் ஆப்டிமைசர் (கோர் வோல்டேஜைப் படிப்படியா குறைக்கற இடம்)னு இருக்கும். பழைய பயாஸா இருந்தா முதல்ல அப்டேட் பண்ணிடுங்க. கர்வ் ஆப்டிமைசர்ல ஒவ்வொரு கோருக்கும் மைனஸ் 30 வரை கொடுக்கலாம். ஒரு படி சுமார் 3லேருந்து 5 மில்லிவோல்ட். அதே 76 வாட்டுக்குள்ள வோல்டேஜ் குறைஞ்சா மிச்சமாகற பவரைச் சில்லே வேகமா மாத்திக்கும். சூடு ஏறாது, உள்ளே இருக்கற காவலும் அப்படியே இருக்கும்.

மைனஸ் 10ல ஆரம்பிங்க, எல்லாக் கோருக்கும். பிழையில்லாம ஸ்திரமா ஓடினா மைனஸ் 15, அப்புறம் 20. எடுத்த எடுப்புல 30 போடச் சொல்ற வீடியோக்களை நம்பாதீங்க. பிபிஓ லிமிட்ஸை ஆட்டோவிலேயே விடுங்க, மதர்போர்டு லிமிட்ஸ்னு மாத்த வேண்டாம். லோட் லைன் கேலிப்ரேஷனையும் (லோடு ஏறறப்போ வோல்டேஜ் இறங்காமத் தாங்கிப் பிடிக்கற செட்டிங்) ஆட்டோவில விடுங்க. அதை ஏத்தினா லோடு திடீர்னு விழறப்போ வோல்டேஜ் ஒரு கணம் மேல எகிறும், எந்த மென்பொருளும் அதைப் பிடிச்சுக் காட்டாது.

சினிபெஞ்ச் பத்து நிமிஷம் ஓடிச்சுன்னா ஸ்திரம்னு நினைக்கறது இந்த முறையில செல்லாது. கர்வ் ஆப்டிமைசர்ல மெஷின் விழறது முழு லோடுல இல்லை. ப்ரவுசர் திறக்கறப்போ, சும்மா நிக்கறப்போ, ஒரு கோர் தனியா உச்சத்துக்கு எழும்பறப்போதான் விழும். அதுக்குன்னே கோர்சைக்கிளர்னு ஒரு இலவசக் கருவி இருக்கு. ப்ரைம்95ஐ ஒவ்வொரு கோரா மாத்தி மாத்தி ஓட்டும். அதுல எஸ்எஸ்இன்னு இருக்கற மோடுல விடுங்க, லோடு லேசா இருக்கறதால கோர் உச்ச வேகத்துக்குப் போகும். ஒரு ராத்திரி முழுக்க ஓடட்டும். காலையில விண்டோஸோட ஈவென்ட் வியூவர்ல டபிள்யூஹெச்இஏ-லாகர்னு (ஹார்ட்வேர் பிழையைக் குறிச்சு வைக்கறது) எச்சரிக்கை ஒண்ணுகூட இருக்கக் கூடாது.

இதுக்கெல்லாம் முன்னாடி ரேமைச் சோதிக்கணும். எக்ஸ்எம்பி (ரேமைப் பெட்டியில போட்ட வேகத்துல ஓட வைக்கற செட்டிங்) 3600 போட்டதும் ஓவர்கிளாக்தான். பென் டிரைவ்ல மெம்டெஸ்ட்86ன்னு ரேம் சோதிக்கற மென்பொருள் போட்டு எல்லாப் பாஸும் பிழையில்லாம முடியட்டும். இல்லேன்னா பின்னாடி பிழை வர்றப்போ ரேமா ப்ராசஸரான்னு பிரிக்க முடியாது.

கூலர் விஷயத்துல மேல நண்பர் சொன்னது சரி. நாலு ஹீட்பைப், 120 மில்லிமீட்டர் ஃபேன் இருக்கற டீப்கூல் ஏகே400 மாதிரி ஒண்ணு உங்களுக்குத் தாராளம். மாத்தறப்போ ஒரு ஜாக்கிரதை: உங்களோடது மாதிரி ஏஎம்4 சாக்கெட் சில்லுக்குக் கீழ்ப்பக்கம் பின் இருக்கும். சில்லுக்கும் கூலருக்கும் நடுவுல இருக்கற பேஸ்ட் இறுகியிருந்தா, கூலரைத் தூக்கறப்போ சில்லும் சாக்கெட்டை விட்டு ஒட்டிக்கிட்டு வந்து பின் வளைஞ்சுடும். மெஷினைக் கொஞ்ச நேரம் லோடுல ஓட்டி சூடாக்கி, ஆஃப் பண்ணி, பவர் கேபிளை உருவிட்டு, ஸ்க்ரூ கழட்டி, கூலரை இடவலமா மெல்லத் திருகித் தளர்த்தின பிறகுதான் மேல எடுக்கணும்.

அறைச் சூடு எவ்வளவு ஏறுதோ ஏறக்குறைய அவ்வளவும் சில்லு மேலயும் ஏறும். மார்கழிக் காலையில 70 காட்டற மெஷின் கத்திரி வெயில் மதியத்துல 85 காட்டும். அதனால மதியம் ரெண்டு மணிக்கு, ஜன்னல் எப்படி இருக்குமோ அப்படியே வெச்சு ஒரு நீண்ட எக்ஸ்போர்ட் ஓட்டிப் பாருங்க. 80க்குள்ள நின்னா எனக்குத் திருப்தி.

வாரன்டி: ஏஎம்டியோட நிபந்தனைப்படி பிபிஓவும் ஓவர்கிளாக் கணக்குலதான் வருது, அதனால வர்ற சேதத்துக்கு அவங்க பொறுப்பில்லை. தெரிஞ்சே இறங்குங்க.

ப்ராக்ஸி_பிரியன்:

குறுக்கே வர்றதுக்கு மன்னிக்கணும். டைம்லைன் திக்குதுன்னு எழுதியிருக்கீங்களே, கேமரா என்ன ஃபார்மேட்ல எடுக்குது? எச்.265, 10 பிட், 4:2:2ஆ (நிற விவரம் கூடுதலா இருக்கற வகை) இருந்தா சிக்கல் வேற. என்விடியா கார்டுகள்ல 50 சீரிஸுக்கு முந்தினது எதுவும் 4:2:2ஐ ஹார்ட்வேர்ல பிரிக்காது. 5600எக்ஸ்ல கிராஃபிக்ஸே கிடையாது. அதனால மொத்தச் சுமையும் கோர் மேல விழும். 7 சதவீதம் வேகம் ஏத்தினாலும் அது தீராது. ராத்திரி ப்ராக்ஸி (எடிட்டிங்குக்கு மட்டும் பயன்படற லேசான நகல்) போட விட்டுட்டுப் படுங்க, காலையில எடிட்டிங் வழுக்கிக்கிட்டுப் போகும். இதுக்கு ஒரு ரூபாய் செலவில்லை.

மணவறை_எடிட்டர்:

ப்ராக்ஸி அண்ணா, சரியாப் பிடிச்சீங்க, 4:2:2தான். ப்ராக்ஸி போட்டுப் பார்த்தேன், திக்கல் போயிடுச்சு.

பெஞ்ச் அண்ணா, ஏகே400 மாட்டியாச்சு, நீங்க சொன்ன மாதிரியே சூடாக்கித் திருகி எடுத்தேன். மெம்டெஸ்ட் சுத்தம். எல்லாக் கோரும் மைனஸ் 20ல சினிபெஞ்ச் 71 டிகிரி, மதியம் பார்த்தது. ஆனா கோர்சைக்கிளர் ராத்திரியில கோர் 2ல பிழை காட்டி நிறுத்தியிருக்கு. ஈவென்ட் வியூவர்ல டபிள்யூஹெச்இஏ 18, ஏபிஐசி ஐடி 4னு (பிழை வந்த த்ரெட்டோட எண்) இருக்கு. எல்லாத்தையும் 10க்கு இறக்கிடவா?

கோவை_பெஞ்ச்:

வேண்டாம் தம்பி, எல்லாத்தையும் இறக்க வேண்டியதில்லை. ஒரு கோருக்கு ரெண்டு த்ரெட் (ஒரே நேரத்துல ஓடற வேலை வரிசை), அதனால ஏபிஐசி எண்ணை ரெண்டால வகுங்க: 4ஐ வகுத்தா 2. கோர்சைக்கிளர் காட்டினதும் அதே கோர்தான், ரெண்டும் ஒத்துப்போகுது. ஏஎம்டியோட ரைசன் மாஸ்டர் மென்பொருள்ல நட்சத்திரம் போட்ட கோர் அதுவான்னு பாருங்க, பெரும்பாலும் அதுவாத்தான் இருக்கும். நல்ல கோர்களைத் தொழிற்சாலையிலேயே இழுத்துக் கட்டியிருப்பாங்க, அதுல குறைக்க இடம் கம்மி. கோர் 2ஐ மட்டும் மைனஸ் 12 ஆக்குங்க, மத்தது 20லேயே நிக்கட்டும். மறுபடி ஒரு ராத்திரி ஓட்டுங்க. திரும்பப் பிழை வந்தா இன்னும் 4 படி விட்டுக்கொடுத்து மைனஸ் 8 ஆக்குங்க. பிழை வராத எண் கிடைச்சதும், எல்லாக் கோர்லயும் இன்னும் 3 படி தளர்த்தி வெச்சுடுங்க. நாளாக ஆகத் தேயற தேய்மானத்துக்கு அது இடம் கொடுக்கும்.

பூஸ்ட் ஓவர்ரைடு 200 மெகாஹெர்ட்ஸ் வரை தரலாம்னு பயாஸ்ல இருக்கும். உங்க வேலைக்கு அது தேவையில்லை, பூஜ்யத்துல விடுங்க. எக்ஸ்போர்ட்ல ஆறு கோரும் ஓடறப்போ அந்த உச்சத்துக்கு எந்தக் கோரும் போகாது.

கடைசி எண்களைப் பயாஸ் ப்ரொஃபைல்ல சேமிங்க, அந்தத் திரையை ஃபோன்லயும் ஒரு படம் எடுத்து வெச்சுக்குங்க. பயாஸ் அப்டேட் பண்ணினா எல்லாம் அழிஞ்சு பழைய நிலைக்குப் போயிடும், பழைய ப்ரொஃபைலைப் புது பயாஸ் பல சமயம் ஏத்துக்காது. அப்போ படத்தைப் பார்த்து எண்ணைத் திரும்பப் போட்டு, இன்னொரு ராத்திரி கோர்சைக்கிளர் ஓட்டிட்டு அப்புறமாக் கார்டைச் சொருகுங்க.