'கேஷ்' நம்ம காசுதானா?

வேர்தேடி:
தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொற்கள் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் பட்டியலைப் பார்த்திருப்பீர்கள். கட்டுமரம் – கேட்டமரான், மிளகுத்தண்ணி – மல்லிகடானி, காசு – கேஷ். முதல் இரண்டையும் ஆங்கில அகராதிகளே ஒத்துக்கொள்கின்றன. மூன்றாவதைச் சொன்னால் மட்டும் சிரிக்கிறார்கள். போர்த்துகீசியர் 1498லேயே கோழிக்கோட்டில் இறங்கிவிட்டார்கள். ஆங்கிலத்தில் கேஷ் தலைகாட்டுவது 1590களில். நடுவில் கிட்டத்தட்ட நூறு வருடம். இங்கிருந்து போயிருக்கக் கூடாதா? ஒலி ஒன்று, பொருள் ஒன்று. வேறென்ன வேண்டும்?

செப்புக்காசு:
பொருள் ஒன்று இல்லை, அங்கேதான் சிக்கல். ஆங்கிலத்தில் அந்தச் சொல் நுழைந்தபோது அதற்குப் பணப்பெட்டி என்றும் பொருள் இருந்தது. லத்தீனில் 'காப்ஸா' என்றால் பெட்டி. ரோமானியர்கள் ஏட்டுச்சுருள்களைப் போட்டு வைத்த உருளைப் பெட்டிக்கு அந்தப் பெயர். அதுவே இத்தாலியில் 'காஸ்ஸா', பிரான்சில் 'கெஸ்', போர்ச்சுகலில் 'காய்ஷா'. ஜெர்மனியில் கடையின் கல்லாவுக்கு 'காஸ்ஸே' என்று பெயர். ரஷ்யாவில் ரயில் டிக்கெட் கொடுக்கும் கவுன்டர் 'காஸ்ஸா'. நாம் விழுங்கும் கேப்சூல்கூட அந்தப் பெட்டியின் குட்டிதான். இத்தனை பேரும் நம்மிடம் காசை வாங்கிப் பெட்டியாக்கிக்கொண்டார்களா? பெட்டியின் பெயர் உள்ளே இருந்த பணத்தின்மேல் ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான்.

வேர்தேடி:
அதாவது தமிழிலிருந்து எதுவுமே போகவில்லை. வழக்கமான பாட்டு.

நாஞ்சில்காரன்:
அண்ணே, ரெண்டு பேரும் கொஞ்சம் பொறுங்க. ஆங்கிலத்தில் கேஷ் ஒன்றல்ல, இரண்டு. ஒன்று செப்புக்காசு சொன்ன பெட்டி. இன்னொன்று சில்லறை நாணயம். அது நம் காசேதான். இந்தியாவிலிருந்த ஆங்கிலேயர் புழங்கிய சொற்களுக்கென்றே 1886இல் வந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி இரண்டையும் பிரித்தே எழுதியிருக்கிறது.

கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் காலத்துச் சென்னையில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். எங்கள் திருவிதாங்கூரில் 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு ரூபாய். கம்பெனியின் 1808ஆம் வருட இருபது காசு நாணயத்தின் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு பக்கம் சிங்கங்களோடு கம்பெனியின் சின்னம். மறுபக்கம் பாரசீக எழுத்தில் 'இருபது காஸ் நான்கு ஃபலூஸ்' என்றிருக்கும், அதன் கீழே ஆங்கிலத்தில் 'கேஷ்'. பர்மிங்காமில் அச்சடித்து 'அட்மிரல் கார்ட்னர்' என்ற கப்பலில் ஏற்றினார்கள். 1809 ஜனவரியில் அது இங்கிலாந்துக் கரையோரமே மணல்திட்டில் மோதி மூழ்கியது. 1980களில் கடலுக்கடியிலிருந்து வாரி எடுத்தார்கள்.

செப்புக்காசு:
சரியாகச் சொன்னீர்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், போர்த்துகீசியர் நம் காசைக் கேட்டு எழுதியதும் 'காய்ஷா' என்றுதான், அதாவது அவர்கள் ஊர்ப் பெட்டியின் எழுத்திலேயே. குழப்பம் அங்கேயே தொடங்கிவிட்டது. அந்தப் பெயரை அப்புறம் சீனத்தின் சதுர ஓட்டைக் காசுக்கும் வைத்துவிட்டார்கள். சீனர்கள் அதை 'சியென்' என்பார்கள். பாலித் தீவில் இன்றும் பூசைக்கு வைக்கும் அந்த ஓட்டைக் காசுக்கு 'கெபெங்' என்று பேர். ஐரோப்பியர் மட்டும் 'கேஷ்' என்றார்கள்.

வேர்தேடி:
ஆக, சீன நாணயத்துக்கே தமிழ்ப் பெயர்! இதைத்தான் நானும் சொன்னேன்.

செப்புக்காசு:
நீங்கள் சொன்னது இது இல்லை. அதோடு காசே தமிழா என்றும் பார்க்க வேண்டும். வடமொழியில் 'கர்ஷம்' என்ற எடை உண்டு. அதிலிருந்து வந்திருக்கலாம் என்பது பழைய கருத்து.

யாழ்வாசி:
அந்தக் கர்ஷத்திலதான் எனக்குச் சந்தேகம். கர்ஷத்தை வைச்சுப் பேர் வந்த பழைய நாணயம் 'கார்ஷாபணம்'. அது பாளியில 'கஹாபண', சிங்களத்தில 'கஹவணு' எண்டு ஆனது. ஷகரம் ஹகரமாப் போன வழி தெளிவாத் தெரியுது. அதே சிங்களத்தில சில்லறை நாணயத்துக்கு 'காசி' எண்டு தனிச்சொல்லும் கிடக்கு. ஒரே வேரெண்டால் ஏன் ரெண்டு உருவம்? 'காசி' எங்களிட்ட இருந்து போனது எண்டுதான் நான் நினைக்கிறன்.

குறுந்தொகை 67ஆம் பாட்டையும் பாருங்கோ. கிளி வளைஞ்ச அலகில வேப்பம்பழத்தைக் கவ்வி நிக்குது. புது நூலில கோக்கிறதுக்குப் பொற்கொல்லன் கூர் நகத்தால பிடிச்ச பொற்காசு மாதிரி எண்டு உவமை. அந்தக் காசு உருண்டையான பொன்மணி; நகைக்குக் கோக்கிறது. எடைக்கல்லுக்கும் அதுக்கும் என்ன தொடர்பு?

செப்புக்காசு:
நல்ல பாட்டு. ஆனால் உருவத்தை வைத்து வேரைச் சொல்ல முடியாது. எடைக்கு இருந்த பேர் பொன்னுக்கும் அப்புறம் மணிக்கும் ஆவது நடக்கக்கூடியதே. உருவத்தையும் பொருளையும் மட்டும் நம்பினால் கண்ணகியை 'காசறு விரையே' என்று கோவலன் கொஞ்சியதை என்ன செய்வீர்கள்? அங்கே காசு என்றால் குற்றம். குற்றமில்லாத நறுமணமே என்கிறான். அந்தக் காசும் இந்தக் காசும் ஒரே வேரா?

நாஞ்சில்காரன்:
வெண்பாவின் கடைசிச் சீருக்கு வாய்பாடும் காசுதானே! நாள், மலர், காசு, பிறப்பு. 'நன்மக்கட் பேறு' என்று முடியும் குறளில் 'பேறு' காசு. அதற்கும் ஒரு வேர் தேடிவிடாதீர்கள். நேரசையோடு குற்றியலுகரம் சேர்ந்து வரும் நேர்பு அசைக்கு எடுத்துக்காட்டாக ஒரு சொல் வேண்டியிருந்தது, எடுத்துக்கொண்டார்கள்.

செப்புக்காசு:
வேர்தேடி, பட்டியலில் 'காசு – கேஷ்' இருக்கட்டும். பக்கத்தில் 'பழைய சில்லறை நாணயம் மட்டும். ரொக்கம் என்ற பொருளில் அல்ல' என்று ஒரு வரி சேருங்கள். எனக்குச் சண்டையே இல்லை.

வேர்தேடி:
அந்த வரியைச் சேர்த்தால் எவன் சார் ஃபார்வர்டு பண்ணுவான்?