ஐந்து நிமிடம் நின்று சொன்ன கதைகள்: உங்களுடையதையும் எழுதுங்கள்

பசுண்டாங்வாசி எழுதியது:

ரங்கூனில் எங்கள் பேட்டைக் கோயில் மண்டபத்தில் மாதம் ஒரு ஞாயிறு கதை சொல்கிறோம் என்று போன தடவை எழுதியிருந்தேன். அது என்ன கதை என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். புராணம் இல்லை, பட்டிமன்றமும் இல்லை. வாழ்க்கை திடீரென்று வேறு பக்கம் திரும்பிய ஒரு நேரத்தை, அதைப் பட்ட ஆளே எழுந்து நின்று சொல்ல வேண்டும். கையில் தாள் கூடாது. ஐந்து நிமிடம் ஆனதும் பூசாரி கைமணியை ஆட்டுவார். அதற்கு மேல் ஒரு நிமிடம் பொறுப்போம்.

இது எங்கள் சொந்த யோசனை இல்லை. நியூயார்க்கில் ஜார்ஜ் டாஸ் கிரீன் என்ற எழுத்தாளர் 1997-ல் ‘தி மாத்’ என்ற கதை சொல்லும் நிகழ்ச்சியைத் தொடங்கினார், முதலில் தன் வீட்டுக் கூடத்திலேயே. கதை உண்மையாக இருக்க வேண்டும், சொல்கிறவருக்கே நடந்திருக்க வேண்டும், பார்த்துப் படிக்கக் கூடாது. அவ்வளவுதான் அங்கே சட்டம். சிங்கப்பூரில் வேலை பார்த்துவிட்டு வந்த தம்பி ஒருவர் அதன் ஒலிப்பதிவுகளைக் கேட்டுவிட்டு நாமும் செய்வோம் என்றார். அங்கே போட்டி வைத்து மார்க் போடுவதும் உண்டு. நாங்கள் போடுவதில்லை. மாமன் மச்சானுக்கெல்லாம் மார்க் போட்டால் அப்புறம் கோயில் கமிட்டி ரெண்டாகிவிடும்.

தமிழில் சொன்னாலும் சரி, பர்மியத்தில் சொன்னாலும் சரி. மாலை வகுப்பில் தமிழ் படித்த பிள்ளைகள்கூட தொண்டை அடைக்கிற இடம் வந்ததும் பர்மியத்துக்குப் போய்விடுகிறார்கள். அதைத் தடுக்கக் கூடாது என்று முதல் மாதமே முடிவு செய்துவிட்டோம்.

2008 மே 2 இரவு நர்கிஸ் புயல் அடித்தபோது ரங்கூனில் இருந்த எல்லாரிடமும் ஒரு கதை இருக்கிறது. தகரம் பறந்தது, மரம் சாய்ந்தது, விடிய விடியக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றோம். ஐராவதி டெல்டா பக்கம் நடந்தது வேறு. செத்தவர்களும் காணாமல் போனவர்களுமாகச் சுமார் 1,38,000 பேர். ஆனாலும் புயல் கதைகள் மண்டபத்தில் பெரும்பாலும் எடுபடுவதில்லை. புயல் அவ்வளவு பெரிதாக இருக்கிறது, சொல்கிற ஆள் அதன் பின்னால் மறைந்துவிடுகிறார். இது என் அபிப்பிராயம்தான், சண்டைக்கு வராதீர்கள்.

போன மாதம் எடுபட்டது பணக் கதை. சின்னவர்களுக்காக முதலில் கொஞ்சம் விளக்கம். 1985 நவம்பரில் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள். அதன் பிறகு புழங்கியவை 25, 35, 75 என்று கணக்குக்கு ஒத்துவராத நோட்டுகள். அப்போது நாட்டை ஆண்ட நே வின்னுக்கு 75 வயது ஆனதால்தான் 75 வந்தது என்று ஊரில் பேச்சு. 1987 செப்டம்பர் 5, சனிக்கிழமை, அந்த மூன்றும் செல்லாது என்று அறிவித்தார்கள். முதல் தடவை ஓரளவுக்காவது மாற்றிக் கொடுத்தார்கள். இந்தத் தடவை அதுவும் இல்லை. அப்புறம் 45-ம் 90-ம் அச்சடித்தார்கள்.

எங்கள் பக்கத்தில் வடை அண்ணே என்றால் எல்லாருக்கும் தெரியும். அவர் அன்றைக்கு வாலிபப் பிள்ளை, மோல்மேன் பக்கம் முடோனுக்கு உள்ளே ஒரு கிராமம். தங்கைக்கு ஐப்பசியில் கல்யாணம். அப்பா மாட்டையும் கொஞ்சம் நெல்லையும் விற்று, ரங்கூன் போய்ச் சேலையும் நகையும் வாங்கி வா என்று பணத்தைக் கொடுத்து அனுப்பினார். அப்போது மோல்மேனில் சல்வீன் ஆற்றின் மேல் பாலம் கிடையாது, 2005-ல்தான் வந்தது. படகில் மார்ட்டபான் கடந்து, அங்கே ரயில் ஏற வேண்டும். ராத்திரி முழுக்கத் தூங்காமல் வந்து, சனிக்கிழமை ஒரு ராவுத்தர் டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறார். டீ பாதி குடித்திருப்பார், ரேடியோவில் அறிவிப்பு வந்தது.

“யாரும் கத்தல. எல்லாரும் அவங்கவங்க பையத் தொட்டுப் பாத்தாங்க” என்று சொல்லி, மண்டபத்தில் தன் சட்டைப் பையைத் தொட்டுக் காட்டினார். முன்வரிசையில் இருந்த கிழவர்கள் இரண்டு பேர் தங்களை அறியாமல் தொட்டுக்கொண்டதை நான் பார்த்தேன்.

டீக்குக் கொடுக்கக் காசு இல்லை. கிளாஸ் கழுவித் தருகிறேன் என்று எழுந்தாராம். ராவுத்தர், “இன்னைக்கு ஊரே கடன்தான் தம்பி, உட்காரு” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “பருப்பு அரைக்கத் தெரியுமா?” என்று கேட்டார். அம்மாவுக்கு அரைத்துக் கொடுத்த பழக்கம் இருந்தது. அன்று மத்தியானம் அடுப்படியில் உட்கார்ந்தவர்தான், ஊருக்குத் திரும்பவில்லை.

கதை இங்கே முடிந்திருக்கும். “இடுப்புல கைலிக்குள்ள சுத்தி வச்ச பணம் அப்படியே இருந்துச்சு” என்று அவர் சொன்னதும் கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல்: “இடுப்புல இல்லண்ணே. தலகாணிக்குள்ள வச்சுத் தச்சோம். நானும் அம்மாவும்தான் தச்சோம்.”

கல்யாணப் பெண்! மோல்மேனிலிருந்து பேரனைப் பார்க்க வந்தவர் அண்ணன் பேசுகிறார் என்று கேட்க வந்திருக்கிறார். வடை அண்ணே வாயைத் திறந்தபடி நின்றார். பிறகு, “ஆமா, தலகாணி” என்றார். ரயிலில் ஏன் தலையணையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வந்தோம் என்பதே அப்போதுதான் அவருக்கு நினைவு வந்ததாம். கடையில் பல வருஷம் அதிலேதான் தலை வைத்துப் படுத்திருக்கிறார்.

மணி அடித்தது. யாரும் கேட்கவில்லை. மிச்சத்தைத் தங்கை உட்கார்ந்தபடியே சொன்னார். மாப்பிள்ளை வீட்டிலும் பெட்டி நிறைய அதே நோட்டு. இரண்டு சம்பந்தியும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். பொன்னுக்குப் பதில் மஞ்சள் கிழங்கைக் கோத்துக் கட்டினார்கள். அண்ணன் வரவில்லையே என்று மட்டும் அவருக்குக் கோபம், அது இன்னும் தீரவில்லை என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார்.

இதை அண்ணே வீட்டில் உட்கார்ந்து எழுதியிருந்தால் பணம் இடுப்பிலேயே இருந்திருக்கும். நின்று சொன்னதால், அதுவும் தெரிந்தவர்கள் முன்னால் சொன்னதால், தலையணைக்குப் போனது. இதற்காகத்தான் மண்டபத்தில் சொல்லச் சொல்கிறோம். வர முடியாதவர்கள் இங்கே எழுதுங்கள்.

முடோன் பையன்:

அண்ணே, அந்தத் தலையணை என்ன ஆச்சு? இன்னொன்று, எங்கள் தாத்தா 1942-ல் நடந்த கதையை நான் சொல்லலாமா?

பசுண்டாங்வாசி:

நோட்டுகளை அடுப்பு பற்றவைக்க எடுத்தாராம். ஒன்றே ஒன்று மிஞ்சியிருந்தது, அதைப் பேரன் பழைய காசு சேர்க்கிறவருக்கு விற்றுவிட்டான். விலையைச் சொல்ல மாட்டேன் என்கிறான்.

தாத்தா கதை தாத்தாவுடையது தம்பி. அதை நீ கேட்ட நாள் உன்னுடையது. அதைச் சொல்.

முடோன் பையன்:

சரி. 1941 டிசம்பர் 23-ல் ரங்கூனில் குண்டு விழுந்ததும் ஆயிரக்கணக்கானவர்களோடு தாத்தாவும் கிளம்பினார். புரோம் வரை போய், மலை ஏறித் தாங்கூப் இறங்கி, அங்கிருந்து கடல் வழியாக வங்காளம் போகலாம் என்று கணக்கு. வழியெல்லாம் காலரா. மலையில் தம்பியைப் பறிகொடுத்துவிட்டுத் திரும்பி நடந்து வந்துவிட்டார். எனக்கு இது தெரியாது. எனக்குக் குடியுரிமை அட்டை வாங்க அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தபோது, உங்கள் குடும்பம் எப்போது இந்த நாட்டுக்கு வந்தது என்று கேட்டார்கள். தாத்தா, “ரெண்டு தடவை வந்தோம்” என்றார். அங்கே உட்கார்ந்துகொண்டுதான் முழுக் கதையையும் முதல் முதலாகக் கேட்டேன்.

வியாசர்பாடி வாசகி:

நான் சென்னையில் இருக்கிறேன், எழுதலாம்தானே? 1964-ல் கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்ட பிறகு எங்கள் வீட்டார் கப்பல் ஏறினார்கள். பொன் கொண்டுபோக விடமாட்டார்கள் என்று ஆயா தன் தோட்டைப் பக்கத்து வீட்டுப் பர்மாக்கார அம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்தது. சாகும்வரை அந்தத் தோட்டைப் பற்றியே பேச்சு. நான் பெரியவளாகி ரங்கூன் போனபோது விலாசத்தை வைத்துத் தேடிப் போனேன். அந்த அம்மா இல்லை, மகள் இருந்தார். யார் என்று சொன்னதும், “அதை 88-ல் விற்றுவிட்டோம். வீட்டில் அரிசி இல்லை” என்றார். மழுப்பவே இல்லை. பிறகு மொஹிங்கா (மீன் சாற்றில் அரிசி நூடுல்ஸ்) ஊற்றிக் கொடுத்தார், இரண்டாவது கிண்ணமும் சாப்பிட்டேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னபோது, “நல்லதாப் போச்சு, யாராவது சாப்பிட்டாங்களே” என்றாள். ஆயா இருந்திருந்தால் அப்படிச் சொல்லியிருக்காது!

மண்டலே தையல்காரி:

நின்று சொல்ல என்னால் ஆகாது, அதனால் எழுதுகிறேன்.

2025 மார்ச் 28, வெள்ளிக்கிழமை, பகல் 12:50. நிலநடுக்கம். அளவு 7.7 என்று பிறகுதான் தெரியும். பர்மியப் புத்தாண்டான திங்ஜானுக்கு இரண்டு வாரம்தான் இருந்தது, கடை நிறையப் புதுத் துணி. நான் நூல் வாங்கத் தெருவுக்கு வந்திருந்தேன், பிழைத்தேன். கடையின் முன்பக்கம் அப்படியே உட்கார்ந்துவிட்டது. எல்லாரும் ரோட்டில்தான் படுத்தோம். கரண்ட் இல்லை, வெயில் நெருப்பு. பயம் கொஞ்சம் விட்ட பிறகு பக்கத்துக் கடைப் பையன்கள் துணிகளை இழுத்து எடுத்துக் கொடுத்தார்கள். மண்ணை உதறி, மரத்துக்கு மரம் கயிறு கட்டிப் போட்டேன். கணக்கு நோட்டு போய்விட்டது. வருகிறவர்கள் துணியைப் பார்த்து இது என்னுடையது என்று சொன்னால் கொடுத்துவிடுவேன். ஒருவர்கூடப் பொய் சொல்லி எடுக்கவில்லை. கடைசியில் சில துணிகளுக்கு ஆள் வரவில்லை.

ஒரு பர்மாக்கார அம்மா ரசீதோடு வந்தார். மகளுக்குத் தைத்த பச்சைச் சட்டை. எடுத்துக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பி என் கையில் வைத்து, பிரித்து எனக்கு அளவாகத் தைத்துக் கொடு என்றார். மகள் எங்கே என்று நான் கேட்கவில்லை. தோளைப் பிரித்தேன், பக்கத்தில் விட்டிருந்த துணி போதவில்லை, கக்கத்தில் வேறு துண்டு வைத்துத் தைத்தேன். மெஷின் ஓடவில்லை, கைத்தையல்தான். கூலி வேண்டாம் என்றேன். கேட்கவில்லை, கொடுத்துவிட்டுத்தான் போனார்.

கடையை மூடிவிட்டு ரங்கூனில் தம்பி வீட்டோடு போய்விடுவது என்று முடிவு செய்திருந்தேன். மறுநாள் தம்பிக்குப் போன் போட்டு, வரவில்லை என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டான். தையல் பாக்கி இருக்கிறது என்றேன். இப்போது தகரக் கொட்டகையில் மெஷின் ஓடுகிறது.

பசுண்டாங்வாசி அண்ணே, நான் அங்கே வருவது கஷ்டம். நீங்கள் எல்லாரும் இங்கே வாருங்கள். மண்டபம் இல்லை, கொட்டகைக்கு வெளியே பாய் விரிக்க இடம் இருக்கிறது. கைமணி மட்டும் கொண்டு வர வேண்டாம்.