டிஸ்சார்ஜ் நேரத்தில் தாம்பத்தியம் பற்றி எப்படிக் கேட்கிறீர்கள்?

வணக்கம். இதய வார்டில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். சீனியர் அக்காக்கள், அண்ணன்கள் வழிகாட்ட வேண்டும்.

மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு டிஸ்சார்ஜ் அன்று உப்பு, நடை, மாத்திரை எல்லாம் சொல்லி அனுப்புகிறோம். தாம்பத்தியம் பற்றி மட்டும் நாங்களும் வாய் திறப்பதில்லை, அவர்களும் கேட்பதில்லை. சமீபத்தில் ஒருவர், மனைவி மருந்து வாங்கப் போகும்வரை காத்திருந்து, "சிஸ்டர், இனிமே வீட்டுல... ஒண்ணும் ஆகாதுல்ல?" என்றார், தரையைப் பார்த்தபடி. மூச்சிரைப்போ நெஞ்சுவலியோ இல்லாமல் இரண்டு மாடி ஏற முடிந்தால் பெரும்பாலும் பயமில்லை என்றேன். டாக்டரிடமும் பேச வைத்தேன்.

அவராகக் கேட்காமல் போயிருந்தால்? நெஞ்சுவலி வந்தால் நாக்குக்கு அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை கொடுத்து அனுப்புகிறோம். அதோடு மெடிக்கல் ஷாப்பில் சில்டெனாஃபில் (வயாக்ரா போன்ற விறைப்பு மாத்திரை) வாங்கிப் போட்டால் ரத்த அழுத்தம் ஆபத்தாகச் சரியும். இதயத்துக்குக் கொடுக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரையால்தான் விறைப்பு குறைகிறது என்று நினைத்து அதைச் சத்தமில்லாமல் நிறுத்திவிடுபவர்களும் உண்டு. வெட்கப்பட்டு விடுகிற விஷயமே இல்லை இது.

பாலியல் பிரச்சினைகளைப் பற்றி நோயாளியிடம் படிப்படியாகப் பேச, 1976இல் ஜாக் அன்னன் சொன்ன பிளிசிட் (PLISSIT) முறையில் முதல் படியே, நோயாளிக்குப் பேச நாம் அனுமதி தருவதுதான். "இந்த நோய்க்குப் பிறகு நிறைய பேருக்கு இந்தச் சந்தேகம் வரும், உங்களுக்கு ஏதாவது கேட்க வேண்டுமா?" என்று தொடங்கலாம், சரி. ஆனால் கட்டில்கள் நெருக்கமாக, திரைகூட இல்லாத வார்டில் எப்படி? மாமியார் கூடவே இருக்கும் பெண் நோயாளியிடம் எப்படி?

நீங்கள் எங்கே வைத்துக் கேட்கிறீர்கள்? கணவன் மனைவியைச் சேர்த்தா, தனித்தனியாகவா? கேஸ் ஷீட்டில் எவ்வளவு எழுதுகிறீர்கள்? அப்புறம், தமிழில் கையேடு ஏதாவது இருந்தால் தயவுசெய்து பகிருங்கள்.