நெடுந்தூரச் சைக்கிள் பயணத்துக்கு வீட்டில் கலக்கும் உப்பு நீர்: உறுப்பினர்களின் அனுபவங்கள்

சென்னை உறுப்பினர்:

கோடையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரி வரை ஓட்டுபவர்களுக்கு, மரக்காணத்து உப்பளங்களை நெருங்கும்போது ஹெல்மெட் பட்டையிலும் ஜெர்சியின் முதுகிலும் வெள்ளையாக உப்புப் பூத்திருப்பது பழகிய காட்சி. அவ்வளவு உப்பை இழந்த உடலுக்கு இளநீர் மட்டுமே போதும் என்று பலர் நம்புகிறார்கள். இளநீரில் மிகுந்திருப்பது பொட்டாசியம். வியர்வையில் அதிகம் வெளியேறுவதோ சோடியம்.

இதன் விளைவை, குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய பி.ஆர்.எம். என்னும் நெடுந்தூரச் சைக்கிள் பயணமொன்றில், 200 கி.மீ. பிரிவில், நேரில் பார்த்தேன். அதை 13 மணி 30 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும் என்பதால் எவரும் நின்று சாப்பிடத் தயங்குவார்கள். எங்களுடன் வந்த இளைஞர் ஒருவர் கடைக்குக் கடை தண்ணீரும் இளநீருமாகவே குடித்து வந்தார். பிற்பகலில் தலைவலியும் குமட்டலும் தொடங்கவே, நீர் வற்றிவிட்டது என்றெண்ணி மேலும் ஒரு லிட்டர் தண்ணீரைக் குடித்தார். விரல்கள் வீங்கி, கையுறையைக் கழற்றவே சிரமப்பட்டார். குழுவில் இருந்த மருத்துவர், இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போயிருக்கலாம் என்று சொல்லி, தண்ணீர் குடிப்பதை நிறுத்தச் செய்து, அவரை உடனே மருத்துவமனைக்கு அனுப்பிவைத்தார்.

நான் 750 மி.லி. பாட்டிலுக்கு 40 கிராம் சர்க்கரை, ஒன்றரை கிராம் தூள் உப்பு, அரை எலுமிச்சம்பழச் சாறு என்று கலக்கிறேன். அந்த உப்பில் ஏறத்தாழ 590 மி.கி. சோடியம் கிடைக்கும். சர்க்கரை சுவைக்காக மட்டும் சேர்ப்பதன்று: சிறுகுடலில் குளுக்கோஸும் சோடியமும் ஒரே வாயில் வழியாகச் சேர்ந்தே உள்ளே செல்கின்றன, நீரும் அவற்றைப் பின்தொடர்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2002-இல் திருத்திய ஓ.ஆர்.எஸ். கலவையும் இந்த அடிப்படையில் அமைந்ததே; அதில் லிட்டருக்கு 2.6 கிராம் உப்பும் 13.5 கிராம் குளுக்கோஸும் உள்ளன. ஆனால் அது வயிற்றுப்போக்குக்கானது. மணிக்கணக்கில் மிதிப்பவருக்கு அந்தச் சர்க்கரை போதாது.

உப்பைச் 'சிட்டிகை' கணக்கில் போடாதீர்கள். கல் உப்பும் தூள் உப்பும் ஒரே கரண்டியில் ஒரே எடை நிற்பதில்லை. கிராமின் பத்தில் ஒரு பங்கைக் காட்டும் சிறு தராசு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். இந்துப்பு போட்டால் தாதுக்கள் கூடும் என்பாரும் உண்டு. அதுவும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான், விலைதான் கூடுதல்.

கோயம்புத்தூர் உறுப்பினர்:

மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு ஏறும்போது, உயரம் கூடக் கூடக் குளிர்ந்து தாகம் குறைந்துவிடுகிறது. உடலுக்கு வேண்டிய மாவுச்சத்து மட்டும் குறைவதில்லை. ஆகவே நான் ஒரு பாட்டிலில் இனிப்புக் குறைந்த உப்பு நீரும் மற்றொன்றில் வெறும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு, கடலை மிட்டாயை ஜெர்சிப் பையில் வைத்துக்கொள்கிறேன். பானகம் கலந்து சென்றவர்களுக்கு ஒரு சொல்: வெல்லத்தை நன்கு கரைத்து மெல்லிய துணியில் இருமுறை வடிகட்டுங்கள், இல்லையேல் அடியில் நிற்கும் கசடு பாட்டிலின் வாயை அடைத்துவிடும். எலுமிச்சையை விதையோடும் தோலோடும் அழுத்திப் பிழிந்தால் வெயிலில் கசப்பு ஏறும். மோரைப் பாட்டிலில் சுமக்க வேண்டாம், வழியில் கிடைக்கும் இடத்தில் குடியுங்கள்.

மதுரை உறுப்பினர்:

உப்பையும் சர்க்கரையையும் முன்கூட்டியே எடை போட்டுச் சிறு ஜிப் பொட்டலங்களாகக் கட்டிக்கொண்டால், எந்தக் கடையில் தண்ணீர் வாங்கினாலும் அங்கேயே கலந்துவிடலாம். இரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் மட்டும், தங்கள் மருத்துவரிடம் அளவைக் கேட்ட பிறகே தொடங்குங்கள்.