தனிநபர் மசோதா வரைவுக்கு உதவி தேவை

வணக்கம். சம்பா பயிர்க் காப்பீட்டு இழப்பீடு தாமதமானால் வட்டி தர வேண்டும் என்பதைச் சட்டமாக்கக் கோரி தஞ்சாவூர், திருவாரூர் விவசாயிகள் சார்பில் ஒரு வரைவு தயாராகிறது. இப்போது 12 சதவீத வட்டி பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தின் வழிகாட்டு நெறிமுறையில்தான் இருக்கிறது. சட்டத்தில் இல்லை.

நாடாளுமன்றத்தில் அமைச்சர் அல்லாத உறுப்பினர் கொண்டுவருவது தனிநபர் மசோதா. ஒரு மாத முன்னறிவிப்பு தேவை, பொதுவாக வெள்ளிக்கிழமை பிற்பகலில்தான் எடுப்பார்கள், எந்த மசோதா முதலில் என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கும். அறிமுகம், பிரிவு பிரிவாக விவாதம், இறுதி வாக்கெடுப்பு என்று இரு அவைகளையும் தாண்ட வேண்டும். 1970-க்குப் பிறகு ஒன்றுகூட சட்டமாகவில்லை. திமுக உறுப்பினர் திருச்சி சிவாவின் திருநங்கையர் உரிமை மசோதா 2015 ஏப்ரல் 24 அன்று மாநிலங்களவையில் நிறைவேறியும் மக்களவையைத் தாண்டவில்லை. ஆனாலும் அதன் பிறகுதான் அரசே தன் சார்பில் ஒரு மசோதா கொண்டுவந்தது. அந்த அழுத்தம் நமக்கும் வேண்டும்.

மக்களவை கலைந்தால் அங்கே நிலுவையில் உள்ள மசோதா காலாவதியாகும். மாநிலங்களவையில் அறிமுகமாகி அங்கேயே நிற்பது காலாவதியாகாது. அதனால் மாநிலங்களவை உறுப்பினரை அணுகுவதே நல்லது.

சிக்கல் நிதிக் குறிப்பில்தான், அதாவது மசோதாவால் ஆகும் செலவைச் சொல்லும் இணைப்பில்தான். மத்திய அரசின் தொகுப்பு நிதியிலிருந்து செலவு வரும் என்றால், அரசியலமைப்பின் 117(3) பிரிவின்படி குடியரசுத் தலைவரின் பரிந்துரை இல்லாமல் மசோதாவை நிறைவேற்ற முடியாது. வட்டியைக் காப்பீட்டு நிறுவனம் மட்டும் ஏற்கும்படி எழுதினால் இதைத் தவிர்க்க முடியுமா? சட்ட வரைவில் அனுபவமுள்ள வழக்கறிஞர்கள் சொல்லுங்கள். மசோதா ஏன் தேவை என்று சொல்லும் நோக்கக் காரண விளக்கத்தை ஆங்கிலத்தில் எழுதித் தரவும் ஒருவர் வேண்டும்.