மறு: பல்லினக் கணிமையா, கலப்புக் கணிமையா?

அனைவருக்கும் வணக்கம். வெவ்வேறு வகைக் கணினிகள் சேர்ந்து ஒரே வேலையைச் செய்யும் ‘ஹெட்டரோஜீனியஸ் கம்ப்யூட்டிங்’ (heterogeneous computing) என்பதற்குத் தமிழில் ‘பல்லினக் கணிமை’ என்று பெயர் வைக்கலாமா என்ற பேச்சுக்கு வந்த மறுமொழி இது:

> ‘பல்லினம்’ என்றால் மொரீசியசில் மக்கள் இனம்தான் நினைவுக்கு வரும். ‘கலப்புக் கணிமை’ என்றே வைத்துவிடலாமே?

அக்கா, உங்கள் தயக்கம் நியாயமானது. எங்கள் ரோஸ் ஹில் மாலை வகுப்பிலும் ஒரு பையன், “எல்லாம் மெலாஞ்சே (கலந்தது) தானே சார்?” என்றான். ஆனாலும் ‘கலப்பு’ எனக்கு ஒப்பவில்லை. கலந்தபின் எது எது என்று பிரித்துப் பார்க்க முடியாது. இங்கே எதுவும் கலப்பதில்லை. தவிர, ‘கலப்பின’ என்பதை ஹைப்ரிட்டுக்கு ஏற்கெனவே பயன்படுத்திவிட்டோம்.

போன வாரம் வகுப்பில் நடந்தது இது. இரண்டு விண்டோஸ், ஒரு லினக்ஸ், எல்லாமே 64 பிட் கணினிகள். மூன்றுக்கும் ஒரே கணக்கைக் கொடுத்தோம். 1 முதல் 13 வரை பெருக்கினால் லினக்ஸ் 6227020800 என்றது. சி மொழியில் எழுதிய அதே நிரல் விண்டோஸில் 1932053504 என்றது. பிள்ளைகள் திகைத்துப் போனார்கள். ‘லாங்’ என்ற எண்வகைக்கு லினக்ஸ் எட்டு பைட் ஒதுக்குகிறது, விண்டோஸ் நான்குதான். நான்கு பைட்டில் 214 கோடிச் சொச்சத்துக்கு மேல் அடங்காது. எட்டு பைட் வேண்டும் என்று நிரலில் வெளிப்படையாக எழுதிய பிறகே மூன்றும் ஒத்துப்போயின.

ஒவ்வொரு இயங்குதளமும் தன் வழக்கத்தை விடாமல், எல்லாம் சேர்ந்து ஒரே கணக்கைப் போடுவதுதான் நாம் பெயர் தேடும் பொருள். நம் மொரீசியஸ் ரூபாய்த் தாளைப் பாருங்கள்: ஆங்கிலம், தமிழ், இந்தி மூன்றும் தத்தம் எழுத்தில் நிற்கின்றன, மதிப்பு ஒன்றுதான். ‘இனம்’ என்ற சொல்லுக்கும் அஞ்ச வேண்டியதில்லை. வல்லினம், மெல்லினம், இடையினம் என்று படித்துத்தானே எழுத்துக் கூட்டினோம்? அங்கே இனம் என்றால் வகை, அவ்வளவே.

ஆகவே என் வாக்கு ‘பல்லினக் கணிமை’க்கு. ‘கணிப்பு’ வேண்டாம், தேர்தல் கணிப்பு மாதிரி ஒலிக்கிறது.

இதோடு இன்னொரு சொல்லும் தேவை. 1989-இல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் தொடங்கிய பிவிஎம் (PVM, Parallel Virtual Machine) என்ற மென்பொருள், பலவகைக் கணினிகளை ஒரே கணினிபோல வேலை வாங்கியது. ஓர் எண்ணின் பைட்டுகளை எந்த வரிசையில் வைப்பது என்பது கணினிக்குக் கணினி வேறுபடலாம் என்பதால், அனுப்பும் எண்களை எக்ஸ்டிஆர் என்ற பொது வடிவுக்கு மாற்றும். பெறும் கணினி அதைத் தன் வடிவுக்கு மாற்றிக்கொள்ளும். அனுப்பும் பக்கம் நடப்பதைப் ‘பொதுவடிவாக்கம்’ எனலாமா? பெறும் பக்கத்துக்கு ‘தன்வடிவாக்கம்’ என்று எழுதிப் பார்த்தேன், எனக்கே நிறைவில்லை. யாருக்காவது நல்ல சொல் தோன்றினால் எழுதுங்கள். வெள்ளிக்கிழமை வகுப்பில் பலகையில் எழுதிவிடுவேன்.