தொண்டு அமைப்பும் நிறுவனமும் சேர்ந்து நடத்தும் வேலைப் பயிற்சி: உங்கள் அனுபவம் என்ன?

தொடக்கப் பதிவு

கிடங்கு வேலைக்கான இலவசப் பயிற்சி. ஸ்டாக் பார்ப்பது, ஸ்கேனர், கொஞ்சம் கம்ப்யூட்டர். சொல்லிக்கொடுத்ததில் குறையே சொல்ல மாட்டேன். சான்றிதழ் கொடுத்த அன்று நிறுவனத்திலிருந்து பெரிய அதிகாரிகள் வந்து எங்களோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். கொஞ்ச நாளில் அதே நிறுவனத்தில் ஆள் எடுப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். நேர்காணலில் இருந்தவர் சான்றிதழை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். அவர் கழுத்து அட்டையில் இருந்த லோகோதான் அதிலும் இருந்தது. "இது எந்த இன்ஸ்டிட்யூட்?" என்றார். அடுத்து, "முன் அனுபவம் இருக்கா?" இன்றுவரை அந்தக் கேள்வி மனசை விட்டுப் போகவில்லை.

பதில் – மனிதவளத் துறையில் இருப்பவர்

உங்கள் வருத்தம் புரிகிறது, ஆனால் அந்த ஆள் மேல் கோபப்பட்டுப் பயனில்லை. பயிற்சிக்குப் பணம் நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு (CSR) கணக்கிலிருந்து போகிறது, ஆள் எடுப்பது வேறு துறை, இரண்டு பேரும் ஒரு முறைகூட உட்கார்ந்து பேசியிருக்க மாட்டார்கள். நான் இருந்த இடத்தில் இரண்டையும் இணைத்தோம். அப்படியும் ஒரு சூப்பர்வைசர், பயிற்சி முடித்து வந்த பையன் நிற்கும்போதே, "இவங்களை எல்லாம் என் ஷிஃப்டில் போடாதீங்க" என்றார். பையன் தலையைக் குனிந்துகொண்டு பேட்ஜைப் பிடித்தபடி நின்றான். அவனை வேறு ஷிஃப்டுக்கு மாற்றினேன், நிலைத்துவிட்டான்.

பதில் – பயிற்சி கொடுப்பவர்

மேலே சொன்னது பாதிதான் சரி. துறைகள் பேசிக்கொள்ளவில்லை என்பது காரணமே இல்லை, நிறுவனத்துக்கு அந்தப் பிள்ளைகள் தேவைப்படவில்லை, அதுதான் விஷயம். என்னிடம் படித்த ஒரு பெண் வேலையில் சேர்ந்த முதல் வாரமே வரவில்லை. பெயரை அடிக்கப் போனார்கள். நான் போன் போட்டால், தம்பிக்குக் காய்ச்சல், பார்த்துக்கொள்ள வீட்டில் ஆளில்லை, லீவு சொல்ல யாரைக் கூப்பிடுவது என்றே அவளுக்குத் தெரியவில்லை. ஒரு போன் நம்பர் இல்லாமல் போகவிருந்த வேலை அது.

பயிற்சியில் சேரப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். முடித்தவர்களில் எத்தனை பேர் இன்னும் அந்த வேலையில் இருக்கிறார்கள் என்று கேளுங்கள், எத்தனை பேருக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள் என்ற கணக்கு வேண்டாம். பாடத்திட்டத்தில் நிறுவனத்தின் கை இருக்கிறதா, உள்ளே போய் வேலை பழக விடுவார்களா, சேர்ந்த பிறகு யார் விசாரிப்பார்கள், இதெல்லாம் கேட்க வெட்கப்படாதீர்கள். 2000-இல் அமெரிக்காவின் பாஸ்டனில் தொடங்கிய, இளைஞர்களுக்கு வேலைப் பயிற்சி கொடுக்கும் இயர் அப் என்ற தொண்டு அமைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் ஆறு மாதம் வகுப்பு, அப்புறம் ஆறு மாதம் நிறுவனத்துக்குள் வேலை. அந்த இடங்களுக்கு நிறுவனங்களே அமைப்புக்குப் பணம் கட்டுகின்றன. காசு கட்டி எடுத்த ஆளை எந்த மேனேஜரும் சும்மா உட்கார வைக்க மாட்டார். விண்ணப்பித்தவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டு குழுவாகப் பிரித்து ஆராய்ந்தபோதும், அதில் படித்தவர்களின் சம்பளம் மற்றவர்களைவிட நன்றாகவே கூடியிருந்தது. 2010-இல் அமெரிக்காவில் வெளியான இன்னொரு ஆய்வு, தொழில்துறைத் தேவையைப் பார்த்துப் பயிற்சி கொடுத்த மூன்று அமைப்புகளை எடுத்துக்கொண்டது. அங்கே படித்தவர்கள் இரண்டு ஆண்டுகளில் மற்றவர்களைவிட 18 சதவீதம் அதிகம் சம்பாதித்தார்கள். இயர் அப்பில் உதவித்தொகையோடு ஒப்பந்தமும் உண்டு. தாமதமாக வந்தால் தொகையில் பிடிப்பார்கள். ஒழுங்கு அப்படித்தான் வரும்.

பதில் – முன்னாள் மாணவர்

எல்லாம் சரி, அந்தக் கடைசி விஷயத்தை மட்டும் ஒத்துக்கொள்ள முடியாது. எங்கள் வகுப்பிலும் தாமதத்துக்குக் காசு பிடித்தார்கள். பக்கத்து இருக்கைப் பையன், எங்களில் வேகமாகக் கற்றுக்கொண்டவன், ஒருநாள் நோட்டை என்னிடம் கொடுத்து, "நாளைக்கு வர பஸ்ஸுக்குக் காசில்லை, நீ எழுதி வை" என்றான். பிடித்த தொகை அவனுடைய பஸ் காசு. நான் எழுதி வைத்தேன், அவன் திரும்பி வரவில்லை. ஒழுங்கு வேண்டும்தான், ஆனால் போக்குவரத்துச் செலவைத் தனியாகக் கொடுத்துவிட்டு அதில் மட்டும் கைவைக்காமல் இருக்கலாமே. உங்கள் மையத்தில் இதை எப்படிச் செய்கிறீர்கள், சொல்லுங்கள்.